விளையாட்டுக் கணிப்பொறிக்கு ஏற்ற லினக்ஸ்

கணிப்பொறி தானே இயங்குவதன்று. செயலி, நினைவகம், வட்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகிய அதன் உறுப்புகளை ஒருங்கியைத்து வேலை வாங்கும் மென்பொருள் ஒன்று அதற்கு வேண்டும். அம்மென்பொருளை இயங்குதளம் என்பர். வீட்டுக் கணிப்பொறிகளுள் மிகப் பலவற்றில் இருப்பது விண்டோஸ் என்னும் இயங்குதளம். விலையின்றிக் கிடைப்பதும், தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இடந்தருவதுமாகிய லினக்ஸ் மற்றொன்று. கற்றோரும் அலுவலகத்தாரும் லினக்ஸைப் போற்றினும், விளையாட விரும்புவோர் நெடுங்காலம் அதனை அணுகாது விலகியே நின்றனர். அந்நிலை இப்பொழுது மாறிவிட்டது. "லினக்ஸில் விளையாட முடியுமா?" என்னும் பழைய வினா தேய்ந்து, "எந்த லினக்ஸை வைத்துக்கொள்வது?" என்னும் புதிய வினா தோன்றியுள்ளது. முன்னையதினும் பின்னையது மக்களை மிகுதியாக மயக்குகின்றது.

மயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு முழு இயங்குதளத்தின் பெயரன்று. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அவர் எழுதியது கெர்னல் எனப்படும் உட்கரு மட்டுமே. சாளரங்கள், கோப்புகளைக் கையாளும் கருவிகள், மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஏற்பாடு ஆகியவற்றைப் பிறர் ஆக்கினர். இவற்றையெல்லாம் தொகுத்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து, மக்கள் கையாளும் வடிவில் தருவதனை வழங்கல் என்கின்றனர். ஒரே அரிசி ஒரு வீட்டில் பொங்கலாகவும் மற்றொரு வீட்டில் இட்டிலியாகவும் இலைக்கு வருவது போல, ஒரே உட்கரு பல வழங்கல்களாக வெளிவருகின்றது.

வழங்கல்களுக்குக் குலமுறையும் உண்டு. 1993-இல் இயன் மர்டாக் என்பவர் டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்கினார். பின்னர்த் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் அதற்கு அப்பெயரை இட்டார். டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட்டும் பிறந்தன. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார் ஆக்கிய பாஸ் என்னும் வழங்கலும் டெபியன் குலத்தினதே. ஆர்ச் 2002-இலும், ஃபெடோரா 2003-இலும் வெளிவந்த வேறு குலத்தலைவர்கள். இவ்வாறு கிளைத்த பெயர்களைக் கண்டு திகைப்பவர், இவற்றுள் எதில் விளையாட்டு விரைந்து ஓடும் என்றே முதலில் கேட்கின்றனர். ஆனால் விளையாட்டை ஓட்டுவது பெரும்பாலும் வழங்கலன்று.

அஃது எவ்வாறெனின், விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு விண்டோஸின் மொழியில் ஏவல் இடுகின்றது. அவ்வேவல் லினக்ஸுக்கு விளங்காது. வெள்ளைக்கார வணிகர்க்கும் ஊர் வணிகர்க்கும் இடையே முற்காலத்தில் துபாஷி நின்றது போல, இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் நிற்றல் வேண்டும். 1993-இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் மென்பொருள் அத்தொழிலை மேற்கொண்டது. அதன் முதற்பதிப்பு முழுமை பெற்று வெளிவந்தது 2008-இல். பதினைந்து ஆண்டுக்காலப் பொறுமை அது. பின்னர், ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்பதனை 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. அன்று அந்நிறுவனம் ஏற்பளித்த விளையாட்டுகள் 27 மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கானவை அதன்வழி ஓடுகின்றன. டைரக்ட்3டி என்னும் விண்டோஸ் முறையில் வரும் ஓவியக் கட்டளைகளை, வல்கன் என்னும் பொதுமுறைக்கு மாற்றித் தருவதே இதன் பெருஞ்செயல். புரோட்டான் ஸ்டீமோடு சேர்ந்தே வருதலின், மின்ட்டில் இருப்பவனுக்கும் ஃபெடோராவில் இருப்பவனுக்கும் கிடைப்பது அதுவே. ஒரு வழங்கலைவிட மற்றொன்று சிறிது விரைவு மிக்கது என்று அளந்து காட்டுவோர் உளர். அவ்வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத அளவினது. அதற்காக வழங்கல் மாற்றித் திரிபவர், விளையாடும் நேரத்தினும் நிறுவும் நேரத்தையே மிகுதியாகக் கழிக்கின்றனர்.

அங்ஙனமாயின் வழங்கல்கள் எதில் வேறுபடுகின்றன? புதுமையின் வேகத்தில் வேறுபடுகின்றன, அதுவே முதன்மையானது. ஆர்ச், புதிய மென்பொருள் வெளிவந்த சில நாட்களிலேயே அதனைத் தன் பயனாளர்க்கு அனுப்பிவிடும். ஃபெடோரா ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பாக வரும். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து, இடையில் பெரும்பாலும் பிழைதிருத்தம் மட்டுமே செய்யும். புதுமை நன்றா, பழமை நன்றா என்று இங்கே பொதுவில் வழக்காடுதல் வீண். கணிப்பொறியினுள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டைக் கேட்டால் அது விடை சொல்லிவிடும்.

ஏஎம்டி நிறுவனத்துக் கார்டுகளை இயக்கும் டிரைவர், உட்கருவினுள்ளும் மீசா என்னும் நிரல் தொகுப்பினுள்ளும் அடங்கியிருக்கின்றது. தனியே நிறுவ வேண்டியதில்லை என்பது பெருநலம். ஆனால் கார்டு புதிதாயின் உட்கருவும் புதிதாக இருத்தல் வேண்டும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, 6.1 என்னும் உட்கருவைத் தாங்கி வந்தது. 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கார்டை அவ்வுட்கரு எவ்வாறு அறியும்? அக்கார்டை வாங்கியவர்க்கு ஃபெடோராவோ ஆர்ச்சோ பொருந்தும். 2025 ஆகஸ்டில் வெளிவந்து 6.12 உட்கருவைத் தாங்கிய டெபியன் 13 கூட முந்தைய பதிப்பினும் அணிமையானது.

என்விடியா கார்டுகளின் நிலை இதற்கு நேர்மாறாகவும் அமையும். அந்நிறுவனம் தன் டிரைவரைத் தானே எழுதித் தருகின்றது. எத்துணை ஆண்டுகளுக்குத் தருவது என்பதையும் அதுவே முடிவு செய்கின்றது. 2016-இல் வெளிவரத் தொடங்கிய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்கு, 580 என்னும் எண் கொண்ட டிரைவர் வரிசையே இறுதியானது என 2025-இல் அறிவித்தது. அடுத்து வந்த 590 அக்கார்டுகளை ஏற்கவில்லை. 2025 டிசம்பரில் ஆர்ச் தன் இயல்புப்படி 590-க்கு மாறியது. பழைய கார்டு உடையோர் மாற்று டிரைவரைத் தாமே தேடி நிறுவிக்கொள்ளுமாறு அறிவிப்பும் விடுத்தது. அறிவிப்பைப் படித்தவர் தப்பினர். படியாமல் புதுப்பித்தவர்க்குச் சாளரத் திரை தோன்றாமற் போயிற்று. ஆர்ச் மீது இதில் குற்றமில்லை. புதுப்பிக்கும் முன் அறிவிப்பைப் படித்தல் அதனைத் தேர்ந்தோர்க்கு உரிய கடமை என்று அது முன்னரே சொல்லியிருக்கின்றது. அக்கடமையைச் செய்ய வீட்டில் ஆள் உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி ஒரு வீட்டில் எவ்வாறு எழுந்தது என்பதை நோக்கலாம். அவ்வீட்டுக் கணிப்பொறி 2017-இல் வாங்கப்பட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலியும், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டும், 8 ஜிபி நினைவகமும் உடையது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்குரிய பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றது. பதிவு செய்துகொண்டோர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்புத் தரப்பட்டது. விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளோ அச்செயலியை ஏற்கவில்லை. கெட்டுப்போகாத ஒரு பொறியைப் பழம்பொருள் வாங்குவோனிடம் எடைக்குப் போடுவது தந்தைக்கு ஒப்பவில்லை. புதியது வாங்கவும் அவ்வாண்டு கையில் பணமில்லை. மூத்த மகள் வெளியூர்க் கல்லூரியில் சேரவிருந்தாள். கட்டணமும் விடுதிச் செலவும் முன்னின்றன. லினக்ஸ் பற்றி அறிந்தவளும் அவள் ஒருத்தியே. அவள் சென்ற பின் அப்பொறியைப் பேணவேண்டியவன் பத்தாம் வகுப்பில் பயிலும் தம்பி.

தமக்கை முதலில் வழங்கலின் பெயரைச் சொல்லவில்லை. தாளை எடுத்து, இருவரும் விளையாடுவன எவை என்று எழுதினாள். ஸ்டார்டியூ வேலி, தி விட்சர் 3, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் எனப் பட்டியல் அமைந்தது. ஸ்டார்டியூ வேலிக்கும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-க்கும் லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு. விட்சர் புரோட்டான் வழியாக ஓடும். அப்பழைய கார்டில் டைரக்ட்எக்ஸ் 12-ஐ விடுத்து 11-ஐத் தேர்ந்தால் நன்கு ஓடும். இம்மூன்றையும் எழுதும்போது தம்பியின் முகம் மலர்ந்திருந்தது. நான்காவதன் எதிரே அவள் கோடிட்டதும் அவன் பேச்சு மாறியது.

"அக்கா, என் நண்பர்கள் நால்வரும் அதில்தான் கூடுகின்றனர். ஐவர் ஆடும் ஆட்டம் அது. நான் விலகினால் என் இடத்திற்கு வேறொருவனைச் சேர்த்துக்கொள்வார்கள்."

"வேறு வழங்கல் வைத்தால் ஓடாதா?" என்றும் அவன் கேட்டான். ஓடாது என்பதே உண்மை. பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில், சுவருக்கு அப்பால் இருப்பவனைக் காணுதல் முதலிய வஞ்சனைகளைச் செய்வோர் உளர். அவர்களைப் பிடிக்க ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் வைக்கப்படுகின்றன. வலோரன்ட்டின் வேன்கார்டு என்னும் காவல் நிரல் விண்டோஸின் உட்கருவினுள்ளேயே புகுந்து நிற்பது. லினக்ஸின் உட்கருவில் அதற்கு இடமில்லை. மொழிபெயர்ப்பாளன் எத்துணை வல்லவனாயினும், இல்லாத வீட்டிற்குக் காவலனை அழைத்துச் செல்ல இயலாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் முன்னர் வைன் வழி ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே திங்களில் வேன்கார்டு அதனுள் புகுந்ததும் லினக்ஸில் நின்றுபோயிற்று. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை வெளியிடுவோர், 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்க்குக் கதவடைத்தனர். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய தடுப்பு நிரல்கள் 2021 முதல் புரோட்டானுக்கு இடந்தருகின்றன. எனினும் அவ்விடத்தைத் திறப்பதும் மூடுவதும் விளையாட்டை ஆக்கியோர் விருப்பம். ஆதலின் இக்குறையை எவ்வழங்கலாலும் நீக்க முடியாது. இதனை அறியாது, ஒன்றில் ஓடவில்லை என்று மற்றொன்றுக்கும், அதிலும் ஓடவில்லை என்று பிறிதொன்றுக்கும் தாவி அலுத்தவர் பலர்.

லினக்ஸ் அன்பர்களுள் சிலர், அத்தகைய விளையாட்டைத் துறந்துவிடுதலே தக்கது என்பர். உட்கருவரை அந்நிய நிரலை நுழையவிடுதல் அச்சத்திற்குரியதே. அவர் கூற்றில் வலிமை உண்டு. ஆயினும் பதினைந்து வயதுச் சிறுவனுக்கு நான்கு நண்பர்களைத் துறக்கச் சொல்லும் உரிமை ஒரு மென்பொருட் கொள்கைக்கு இல்லை. தமக்கை வேறு வழி கண்டாள். பழைய விண்டோஸ் இருந்த வட்டைத் தொடாமல் விட்டு, தன் சேமிப்பிலிருந்து சிறிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் லினக்ஸை வைப்பதென முடிவு செய்தாள். பொறியை முடுக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸுக்கு ஓராண்டு நீட்டிப்பையும் பதிவு செய்தாள். அதனுள் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், குடும்பப் படங்கள் எவையும் கூடா. அவ்வொரு விளையாட்டு மட்டுமே என்பது கட்டளை. நீட்டிப்பு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு அவளிடமும் முழு விடை இல்லை. தம்பி அதற்குள் கவுண்டர் ஸ்ட்ரைக்கிற்கு நண்பர்களை இழுத்துவிடலாம் என எண்ணினான்.

இனி வழங்கல். ஸ்டீம்ஓஎஸ் முதலில் நினைவிற்கு வந்தது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கைவிளையாட்டுப் பொறியால் புகழ்பெற்றது அது. ஆனால் ஏஎம்டி வன்பொருளைக் கருதியே ஆக்கப்பட்டமையின், என்விடியா கார்டுடைய இப்பொறிக்கு ஒவ்வாது. ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்ட பேஸைட், ஸ்டீம்ஓஎஸ் தரும் பட்டறிவை வீட்டுப் பொறிகளுக்கும் தர முயல்வது. ஸ்டீம் முன்கூட்டியே நிறுவப்பட்டு வரும். புதுப்பித்தது கெட்டால் முன்னைய நிலைக்கு ஒரு கட்டளையில் திரும்பலாம். கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்து, கன்ட்ரோலரைக் கையில் ஏந்தி ஆடுவோர்க்கு அதனினும் தகுந்தது காண்டல் அரிது. அவ்வீட்டுப் பொறியோ மேசைமேல் இருப்பது. தந்தை கடிதம் எழுதுவதும், தாய் மின்கட்டணம் செலுத்துவதும் அதில்தான். மேலும், புதிய டிரைவர்களை விரைந்து தழுவும் குடியினது அது. 580-உடன் நின்றுவிட்ட கார்டுக்கு அவ்விரைவு நலமன்று. ஆர்ச்சைத் தமக்கை தான் மட்டும் ஆள்வதாயின் தேர்ந்திருப்பாள். டிசம்பர் அறிவிப்பை நினைந்து விட்டுவிட்டாள்.

எஞ்சியவை உபுண்டுவும் மின்ட்டும். உபுண்டுவின் மென்பொருட்கடை ஸ்டீமை ஸ்னாப் என்னும் பொதிவடிவில் தருகின்றது. அவ்வடிவினால் விளையாட்டுகளில் இடர் விளைவதாக 2024 தொடக்கத்தில் வால்வ் பொறியாளர் ஒருவரே குறிப்பிட்டு, பழைய டெப் வடிவைப் பரிந்துரைத்தார். மின்ட், ஸ்னாப்பை இயல்பாகவே விலக்கியிருப்பது. 2024 ஜூலையில் வெளிவந்த மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. தம்பி பள்ளி முடிக்கும்வரை அது போதும். டிரைவர் மேனேஜர் என்னும் சாளரத்தைத் திறந்தால் கார்டுக்கு ஏற்ற டிரைவர் பெயரோடு தோன்றும். கட்டளை எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. விண்டோஸில் பழகிய தந்தைக்குக் கீழ்ப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் இருந்த இடத்திலேயே இருந்தன. விளையாட்டுக்கென்று சிறப்பாக விளம்பரம் பெறாத வழங்கல் விளையாட்டுப் பொறிக்குத் தேர்வானது இவ்வாறு.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, வைஃபை, ஒலி, கன்ட்ரோலர் மூன்றும் வேலை செய்கின்றனவா எனப் பார்த்தனர். அந்நிலையில் என்விடியாவின் சொந்த டிரைவர் இராது. ஆகலின் அப்போது விளையாட்டின் வேகத்தை மதிப்பிடுதல் பயனில்லை. படங்களும் பத்திரங்களும் வெளிவட்டொன்றில் படியெடுக்கப்பட்டன. டிரைவரை நிறுவி மீண்டும் முடுக்கியபோது நீலத்திரை ஒன்று தோன்றியது. தம்பி பொறி கெட்டதென்றே அஞ்சினான். செக்யூர் பூட் என்னும் காப்பு இயங்கும் பொறிகளில், புதிய டிரைவரின் சாவியை ஏற்றுக்கொள்ள ஒப்புதல் கேட்கும் திரை அது. நிறுவும்போது இட்ட கடவுச்சொல்லை மீண்டும் தந்ததும் அகன்றது. பழைய வட்டிலிருந்த விட்சர் கோப்புகளை அங்கிருந்தே ஓட்டிவிடலாம் எனத் தம்பி முயன்றான். விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் புரோட்டான் செவ்வனே நடவாது. ஆதலின் புதிய எஸ்எஸ்டியில் அதனை மீண்டும் இறக்க வேண்டியதாயிற்று. ஓர் இரவு கழிந்தது. நினைவகம் 8 ஜிபியே ஆதலின், ஆடும்போது பிரவுசரை மூடிவைக்குமாறும் தமக்கை சொன்னாள்.

மின்ட்டில் டைம்ஷிப்ட் என்னும் கருவி உண்டு. நலமாக இருக்கும் நாளின் நிலையைச் சேமித்து, பின்னர்க் கேடு நேர்ந்தால் அந்நிலைக்கு மீட்பது அது. விடுதிக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தமக்கை அதில் ஒரு நிலையைச் சேமித்தாள். பிறகு டிரைவரை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, நாற்காலியைத் தம்பியிடம் விட்டு அகன்றாள். சேமித்த நிலையைத் தேடித் தேர்ந்து, மீட்டு, பொறியை மீண்டும் முடுக்க அவனுக்கு அரைமணி நேரம் பிடித்தது.